இது இங்கே எப்படி வந்தது?

ஐரோப்பாவில் ஓவியம் பார்க்கப் போவதென்றால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் நான் பார்ப்பது மியூசியங்களின் வார விடுமுறையை. லூவ்ர் செவ்வாய்க்கிழமை திறக்காது. அதே பாரிஸில் ஓர்சே திங்கட்கிழமை திறக்காது. மோனேயின் அல்லிக்குளங்கள் இருக்கும் ஒராஞ்சரிக்கு மறுபடியும் செவ்வாய். மாட்ரிட்டில் பிராடோவுக்கு வார விடுமுறை கிடையாது, ஆனால் பிக்காசோவின் குவெர்னிகா ஓவியம் இருக்கும் ரெய்னா சோஃபியாவுக்குச் செவ்வாய் விடுமுறை. புளோரன்ஸின் உஃபிட்சிக்குத் திங்கள். வாத்திகன் மியூசியம் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் ஒன்றுதான் வருடம் 365 நாளும் திறந்திருக்கும் புண்ணியவான்.

பாரிஸில் இரண்டே நாள், அதுவும் திங்களும் செவ்வாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓர்சே, மறுநாள் லூவ்ர் என்று போட்டால் இரண்டும் போச்சு. மாற்றிப் போட்டால் இரண்டும் கிடைக்கும். ஆனால் ஒன்று மூடியிருக்கும் நாளில் மொத்தக் கூட்டமும் இன்னொன்றின் வாசலில்தான் நிற்கும். முடிந்தால் புதனோ வெள்ளியோ அகப்படுகிற மாதிரி பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அந்த இரண்டு நாளும் லூவ்ர் இரவு 9 மணி வரை உண்டு. ஓர்சே வியாழனன்று 9:45 வரை. கோடையில் பாரிஸில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. அதனால் பகலில் ஊர் சுற்றி, மத்தியானம் அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டு, ஐந்து மணிக்கு மேல் மியூசியம் போகலாம். குழுவாக வந்தவர்கள் அதற்குள் பஸ் ஏறியிருப்பார்கள். ஒரே எச்சரிக்கை: லூவ்ரில் மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அறைகளைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஒன்பது என்றால் எட்டரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை அந்தந்த மியூசியத்தின் சொந்தத் தளத்தில்தான் வாங்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை இடைத்தரகர்களின் தளங்கள். பார்க்க அசல் போலவே இருக்கும், விலை மட்டும் கூடுதலாக இருக்கும். ஆம்ஸ்டர்டாமின் வான்கோ மியூசியத்துக்கு நேரம் குறித்து ஆன்லைனில்தான் டிக்கெட். ரோமில் போர்கேசே கூடத்தில் இரண்டு மணி நேரத் தவணைகளாக ஆட்களை விடுகிறார்கள், முன்பதிவு இல்லாமல் போய்ப் பயனில்லை. மிலானில் லியோனார்டோவின் இறுதி இராவுணவு ஓவியத்துக்கு முன்னால் கால் மணி நேரம்தான் நிற்க விடுவார்கள், அதற்கே டிக்கெட் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. விசா கைக்கு வருவதற்குள் டிக்கெட் தீர்ந்துவிடும். விசாவுக்கு முன்பே வாங்கினால், விசா வராவிட்டால் பணம் போகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எங்களுக்கு மிலான் டிக்கெட் கிடைக்கவில்லை என்றதும் மிலானையே எடுத்துவிட்டு அந்த நேரத்தை ரோமுக்குக் கொடுத்தோம். இடைத்தரகரிடம் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குவதைவிட அது மேல் என்பது என் கட்சி.

லூவ்ர் இப்போது நம்மைப் போன்றவர்களுக்கு விலை கூடிவிட்டது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. நாங்கள் போனபோது எல்லோருக்கும் 22. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவ்ர், பிராடோ, ரைக்ஸ்மியூசியம் மூன்றிலும் இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. பல மியூசியங்களுக்கும் ஒரே டிக்கெட்டான பாரிஸ் மியூசியம் பாஸ் வாங்கினாலும் லூவ்ருக்குத் தனியாக நேரம் பதிவு செய்ய வேண்டும். பாஸ் இருக்கிறதே என்று நேரே போய் நிற்கக்கூடாது.

சரி, இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாகப் போன பயணத்தில் அம்மாவும் வந்திருந்தார். கும்பகோணத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்குகிறார், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஓவியத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு என்று சொல்ல முடியாது. ஆனால் எதைக் காட்டினாலும் அவரிடமிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இது இங்க எப்படி வந்துது?” இரண்டு மூன்று மியூசியம் பார்ப்பதற்குள் நானும் என் கணவரும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டோம். இந்த ஓவியம் எந்தப் பாணி, எந்த நூற்றாண்டு என்று படித்தால் வெளியே வந்ததும் மறந்துவிடுகிறது. இது யாருக்காக வரைந்தது, அங்கிருந்து எப்படிக் கிளம்பியது, யார் கையெல்லாம் மாறியது என்று கேட்டால் மறப்பதில்லை.

முதலில் கால். லூவ்ரில் சக்கர நாற்காலி, கைத்தடி, மடக்கு ஸ்டூல் மூன்றும் இலவசமாகத் தருகிறார்கள். அடையாள அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனம் வராமல் கணவர் தன் டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்தார், அதுவே போதுமானதாக இருந்தது. அம்மா உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தார். “எனக்கென்னடி ஆச்சு, வண்டியில வச்சுத் தள்ள?” சிறகுள்ள வெற்றித் தேவதைச் சிலை நிற்கும் பெரிய படிக்கட்டைக் கீழிருந்து பார்த்ததும் அவரே உட்கார்ந்துவிட்டார். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, வாசலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், வலி வந்த பிறகு தேடினால் அரை மைல் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். லிஃப்ட் எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்வதும் அவசியம். லூவ்ர் பழைய அரண்மனை. ஒரு மாடியில் நேராகப் போகும் வழி அடுத்த மாடியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆளுக்கு மூன்று பொருள் என்று ஊரிலேயே முடிவு செய்திருந்தோம். டெனோன், சுல்லி, ரிஷெலியு என்று லூவ்ருக்கு மூன்று பக்கங்கள், மூன்றையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் தரையைத்தான் பார்க்கிறார்கள். அம்மாவின் முதல் தேர்வு மோனாலிசா. “பாக்கலைன்னா ஊர்ல சும்மா விடுவாங்களா?” நியாயம்தான். மோனாலிசாவைப் பார்க்காதீர்கள் என்று அறிவுரை சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பார்த்துவிடுங்கள், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் செலவு வேண்டாம். 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். கண்ணாடிக்குப் பின்னால் தூரத்தில் இருக்கிறார், எதிரே செல்போன் பிடித்த கைகள் ஒரு காடு. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஊழியர் ஒருவர் தடுப்பை விலக்கி அம்மாவை முன்வரிசைக்கு விட்டார். துணைக்கு ஒருவர் என்ற கணக்கில் நானும் போனேன். கணவர் வரிசையிலேயே நின்று வந்தார்.

“இது எப்படி இங்க வந்துது?” மோனாலிசா யாரும் கொள்ளையடித்து வந்ததல்ல. லியோனார்டோவை பிரான்ஸ் அரசர் முதலாம் பிரான்சுவா 1516இல் அழைத்துக்கொண்டார், வந்தவர் ஓவியத்தையும் கையோடு கொண்டுவந்தார், இங்கேயே 1519இல் இறந்துபோனார். ஓவியம் அரசரிடம் தங்கிவிட்டது. 1911இல் வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலியர் அதைத் திருடி இரண்டு வருடத்துக்கு மேல் ஒளித்துவைத்திருந்தார். பிடிபட்டபோது, நெப்போலியன் எங்கள் நாட்டிலிருந்து கொள்ளையடித்ததைத் திருப்பிக் கொண்டுபோனேன் என்று வாதம் செய்தார்.

அதைச் சொல்லிவிட்டு அம்மாவின் நாற்காலியை அப்படியே திருப்பினேன். மோனாலிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரை முழுவதும் அடைத்துக்கொண்டு இருக்கிறது வெரோனேசேயின் கானாவூர்த் திருமணம், கல்யாண விருந்தில் இயேசு தண்ணீரை மதுவாக்கிய பைபிள் கதை. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், ஏழு மீட்டர் உயரம். வெனிஸில் சான் ஜோர்ஜோ மஜோரே மடத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவருக்காக வரைந்து 1563இல் முடித்த படம். 1797இல் நெப்போலியனின் படை அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பாரிஸுக்குக் கொண்டுவந்தது. 1815இல் நெப்போலியன் தோற்ற பிறகு பல பொருட்கள் இத்தாலிக்குத் திரும்பின. இது மட்டும் மிகப் பெரியது, பயணம் தாங்காது என்று சொல்லி, பதிலுக்கு ஒரு பிரெஞ்சு ஓவியத்தைக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டார்கள். வெனிஸ் மடத்தில் இப்போது இருப்பது 2007இல் மாட்டிய நகல். அம்மா சிரித்தே விட்டார். “அப்போ அந்தத் திருடன் தப்பான படத்தைத் தூக்கிட்டுப் போயிருக்கான்!”

அந்த அறையில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வெரோனேசேவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. நூறு பேருக்கு மேல் இருக்கும் பந்தி. வலது பக்கம் ஒருவன் கல்ஜாடியைச் சாய்த்துத் தண்ணீராக இருந்ததை மதுவாக ஊற்றுகிறான். பக்கத்தில் ஒருவர் கோப்பையைத் தூக்கிப்பிடித்து நிறம் பார்க்கிறார். நடுவில் இசைக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் நாய்கள். இயேசு நட்ட நடுவில் அமைதியாக நம்மையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், விருந்தினர்களில் ஏறக்குறைய யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் தலைக்கு நேர் மேலே மாடத்தில் ஒருவன் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறான். அதைக் கண்டுபிடித்தது அம்மாதான். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கப் போகிற நேரத்தில் இன்னும் ஏன் வெட்டுகிறான் என்பது அவர் சந்தேகம். பலியாகப் போகிறவர் இயேசு என்று சொல்லத்தான் வெரோனேசே அவனை அந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பார்கள்.

அம்மாவின் இரண்டாவது தேர்வுதான் அந்த நாளின் பெரிய விஷயம். பாபிலோனிய அரசர் ஹம்முராபியின் சட்டக்கல். ரிஷெலியு பக்கம், தரைத்தளம். வருடக்கணக்காகக் கரும்பலகைக்கு முன் நின்று “கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்” என்று சொல்லிக்கொடுத்தவருக்குப் பாடப்புத்தகத்தில் இருந்தது மங்கலான சின்ன கறுப்பு வெள்ளைப் படம். இங்கே 2.25 மீட்டர் உயரத்தில் கறுப்பாக, பளபளவென்று நிற்கிறது. மேலே ஷமாஷ் என்ற சூரிய தெய்வம் உட்கார்ந்திருக்க, அரசர் வாய்க்கு முன் கையை வைத்துப் பணிவாக நிற்கிறார். அதற்குக் கீழே சுற்றிலும் ஆப்பெழுத்து. அறையில் எண்ணிப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாகச் சுற்றி வந்தார், பின்பக்கமும் போய்ப் பார்த்தார். முன்பக்கம் கீழே ஓர் இடத்தில் எழுத்தே இல்லாமல் மழமழவென்று இருப்பதைக் காட்டி, ஏன் அழித்திருக்கிறது என்று கேட்டார். பாபிலோனியாவில் நின்ற கல்லை கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஏலாம் நாட்டு அரசன் போரில் ஜெயித்துத் தன் ஊரான சூசாவுக்குக் கொண்டுபோனான். தன் பெயரைப் பொறிக்க வேண்டி சில வரிகளைச் செதுக்கி எடுத்தான் என்பது அறிஞர்களின் ஊகம், ஆனால் பொறிக்கவில்லை. அந்தச் சூசாவில்தான் பிரெஞ்சு அகழ்வாளர்கள் 1901 வாக்கில் இதைக் கண்டெடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். “ரெண்டு தடவை தூக்கிட்டுப் போயிருக்காங்க,” என்றார் அம்மா. மூன்றாவது தேர்வு எதுவென்று கேட்டேன். போதும், போகலாம் என்றுவிட்டார். டிக்கெட் காசு வீணாகிறதே என்று கணவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எனக்கு இல்லை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. காட்சி அறைகளுக்குள் சாப்பிட விடமாட்டார்கள். உள்ளே இருக்கும் சிற்றுண்டிக் கடைகளில் விலையும் அதிகம், சைவம் என்றால் வறண்ட ரொட்டியும் சீஸும்தான். நாங்கள் காலையில் அறையிலேயே சப்பாத்தி சுட்டு, தக்காளித் தொக்கு தடவிச் சுருட்டி, ஃபாயிலில் எடுத்துப்போனோம். லூவ்ரை ஒட்டிய துய்லெரி தோட்டத்தில் பச்சை இரும்பு நாற்காலிகள் போட்டுவைத்திருக்கிறார்கள், யாரும் காசு கேட்பதில்லை, மணிக்கணக்கில் உட்காரலாம். கழிப்பறையை மியூசியத்துக்குள் இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெளியே வந்துவிட்டால் பல இடங்களில் அதற்கும் யூரோ எடுத்துவைக்க வேண்டும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், கொஞ்சம் பெரிதாக இருந்தால் பொருள் வைப்பறையில் கொடுக்கச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டில், மருந்து, கண்ணாடி மட்டும் கொள்கிற சின்னத் துணிப்பை போதும்.

ரோமுக்குப் போவதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவப் புனிதர்கள், யார் யாரென்று தெரியாவிட்டால் ஒரே தாடிக்காரர்களாகத் தெரிவார்கள். நம் கோயிலில் வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள் என்று குழந்தைக்கும் தெரிகிற மாதிரி இவர்களுக்கும் கையில் அடையாளம் இருக்கிறது. சாவி வைத்திருந்தால் பேதுரு. பக்கத்தில் சிங்கம் படுத்திருந்தால் ஜெரோம். உடம்பெல்லாம் அம்பு பாய்ந்திருந்தால் செபஸ்தியார். முள் வைத்த சக்கரம் என்றால் கத்தரீன், தைலச் சிமிழ் என்றால் மகதலேனா மரியாள். தட்டில் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நிற்பவர் லூசியா. தன் தோலையே உரித்துக் கையில் பிடித்திருப்பவர் பர்த்தலோமேயு. சிஸ்டைன் ஆலயத்தின் இறுதித் தீர்ப்பில் அந்தத் தோலில் தொங்கும் முகம் மைக்கேலாஞ்சலோவின் முகம்தான் என்பது பரவலான கருத்து. இந்த ஏழெட்டுப் பெயரைத் தெரிந்துகொண்டால் உஃபிட்சி, வாத்திகன் எல்லாம் பேசத் தொடங்கிவிடும். வாத்திகனுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலையோ சுடிதாரோ அணிபவர்களுக்குப் பிரச்சினை இல்லை, அரை டிராயர் போட்ட ஆண்கள்தான் கவனிக்க வேண்டும்.

ரோமில் எனக்கு மிகவும் பிடித்த மியூசியங்கள் மியூசியங்களே அல்ல, தேவாலயங்கள். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. பியாத்சா நவோனாவுக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் பிரான்செசி என்ற தேவாலயம். உள்ளே இடது பக்கம் கடைசியில் ஒரு சின்ன ஆராதனை அறை, அதில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று மத்தேயு ஓவியங்கள். 1600 வாக்கில் இந்த இடத்துக்காகவே வரைந்தவை, இன்னும் அதே சுவரில் இருக்கின்றன. அம்மாவின் கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. அறை இருட்டாக இருக்கும். ஓரத்தில் இருக்கும் பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். கூட்டம் இருட்டில் நின்றுகொண்டு அடுத்தவர் போடட்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற அழகு இருக்கிறதே! சில்லறை கொண்டுபோங்கள். நாங்கள் காசு போட்டுக்கொண்டே இருந்ததால் சுற்றி நின்ற சுற்றுலாக்காரர்களுக்கெல்லாம் அம்மா செல்லப்பிள்ளை ஆகிவிட்டார்.

இடது சுவரில் இருப்பது சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு தன் சீடராக அழைக்கும் காட்சி. சுங்கம் வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணுகிறார்கள். வலது ஓரத்தில் இருட்டில் இயேசு நின்று கையை நீட்டுகிறார். வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து சாய்வாகச் சுவரில் விழுகிறது. உண்மையான பீட மேடையும் அதற்கு மேல் இருக்கும் ஜன்னலும் நமக்கு அதே வலது பக்கம்தான். கோயிலின் வெளிச்சத்தையே ஓவியத்துக்குள் இழுத்துவிட்டிருக்கிறார். மியூசியத்தில் கழற்றி மாட்டியிருந்தால் இது புரிந்திருக்காது. தாடிக்காரர் “நானா?” என்று விரலை நீட்டுகிறார். தன்னைக் காட்டுகிறாரா, மேசையின் கோடியில் தலை நிமிராமல் காசு எண்ணும் இளைஞனைக் காட்டுகிறாரா, இவர்களில் மத்தேயு யார் என்று இன்னும் சண்டை தீரவில்லை. அம்மா கட்சி இளைஞன், கணவர் கட்சி தாடிக்காரர். சாந்த அகோஸ்தினோ, சாந்தா மரியா தெல் பொப்போலோ தேவாலயங்களிலும் கரவாஜ்ஜோ உண்டு. மத்தியானம் சில மணி நேரம் கதவைச் சாத்திவிடுவார்கள், காலையிலோ சாயங்காலமோ போங்கள். பூசை நடக்கும் நேரத்தில் படம் பார்க்க உள்ளே நுழையாதீர்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியம். எல்லோரும் ரெம்பிராண்டின் இராக்காவலுக்கு ஓடுவார்கள். 1642இல் வரைந்தது, 2019 முதல் கண்ணாடிச் சுவருக்குள் வைத்து எல்லோர் கண் முன்னாலும் ஆய்வும் சீரமைப்பும் செய்கிறார்கள். 1715இல் நகர மன்றச் சுவரில் இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்த அறைக்குப் போகும் பெரிய கூடத்தில் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் இருக்கிறாள். அரை மீட்டர்கூட இல்லாத சின்னப் படம். அம்மா மடக்கு ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “பால் எவ்ளோ மெலிசா விழுது பாரு. அவசரக்காரி இல்லை.” பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவரில் ஒரு ஆணி, ஆணி பிடுங்கிய ஓட்டைகள், ஜன்னலில் உடைந்த ஒரு கண்ணாடிச் சில். ரொட்டியின் மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம். இத்தனை ரொட்டித் துண்டுக்கு நடுவில் பால் ஊற்றுகிறாளே, பழைய ரொட்டியை வீணாக்காமல் ஏதோ செய்கிறாள் என்றார் அம்மா. பாலில் ஊறிய ரொட்டிப் பண்டம்தான் செய்கிறாள் என்று ஆய்வாளர்கள் சிலரும் எழுதியிருக்கிறார்கள். சமையல் தெரிந்தவர்களோடு டச்சு ஓவியம் பார்ப்பது தனி லாபம்.

இதே மியூசியத்தில் ஆசியக் கலைக்குத் தனிக் கட்டிடம் இருக்கிறது. கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே ஒன்றரை மீட்டர் உயர நடராஜர், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோழர் காலத்து வார்ப்பு. நெதர்லாந்தின் ஆசியக் கலைச் சங்கம் ஒன்று 1930களில் வாங்கியது. உள்ளே கூடா, கெட்டியா என்று அறிய ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவிக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார்கள். திருவாசி உட்பட முழுக்கக் கெட்டி வார்ப்பு என்று தெரிந்தது. இதை நான் சொன்னதும் அம்மா, “சுவாமிமலைக்கு ஒரு போன் போட்டிருந்தா ஸ்தபதி சொல்லியிருப்பாரே” என்றார். அப்புறம் வழக்கமான கேள்வி. தமிழ்நாடு என்று குறிப்பில் இருந்தது, ஊர் பெயர் இல்லை. எந்தக் கோயில், யார் விற்றார்கள் என்று அங்கிருந்த ஊழியரிடம் என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் குறித்துக் கொடுத்தார்.

வான்கோ மியூசியத்தில் அதே கேள்விக்குக் கிடைத்தது ஒரு குடும்பக் கதை. வின்சென்ட் 1890 ஜூலையில் இறந்தார், அவரைத் தாங்கிய தம்பி தியோ ஆறே மாதத்தில். கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி ஜோ, யாரும் விலை பேசாத படங்களை வைத்துக் காப்பாற்றினார், கண்காட்சிகள் நடத்தினார், 1914இல் கடிதங்களை வெளியிட்டார். அந்தக் குழந்தை பிறந்ததற்காகப் பெரியப்பா வின்சென்ட் வரைந்ததுதான் நீலப் பின்னணியில் பூத்த வாதுமைக் கிளை. அந்தப் பிள்ளை பெரியவராகி ஏற்படுத்திய அறக்கட்டளையிலிருந்துதான் 1973இல் இந்த மியூசியம் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு போனால் சூரியகாந்தியைவிட வாதுமைக் கிளைக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பீர்கள்.

பெரிய மியூசியம் அலுத்துவிட்டால் ஒரு மணி நேர ரயிலில் ஹேக் நகரத்துக்குப் போங்கள். மௌரிட்சுஹவுஸ் ஒரு பெரிய வீடு அளவுதான், இரண்டு மாடி. வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் அங்கே இருக்கிறாள். 1881 ஏலத்தில் ஒருவர் இரண்டு கில்டர் முப்பது சென்ட்டுக்கு வாங்கி, பிறகு மியூசியத்துக்கே எழுதிவைத்த படம். திங்களன்று மட்டும் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்.

மாட்ரிட் நானும் கணவரும் மட்டும் முன்பு போனது. பிராடோவில் மாலை 6 முதல் 8 வரை, ஞாயிறன்று 5 முதல் 7 வரை இலவசம். வரிசை நீளம், இருப்பது இரண்டு மணி நேரம், ஆகவே முதல் தடவை போகிறவர்கள் காசு கொடுத்துக் காலையில் போவதே நல்லது. இலவச நேரத்தை இரண்டாவது தடவைக்கு, ஒரே ஒரு அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித் திரும்பிப் போனது கோயாவின் கறுப்பு ஓவியங்களுக்கு. காது கேட்காத எழுபது வயதுக்காரர் தன் வீட்டுச் சுவரில் யாருக்கும் காட்டாமல் வரைந்தவை பதினான்கு. அவர் போன பல வருடத்துக்குப் பிறகு சுவரிலிருந்து துணிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதில் மணலோ சேறோ, எதிலோ புதைந்து தலை மட்டும் தெரியும் நாய் ஒன்று இருக்கிறது. பிராடோவில் போட்டோ எடுக்கவே கூடாது. முதலில் எரிச்சலாக இருந்தது, போன் பைக்குள் போன பிறகு எல்லோருமே படத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ரெய்னா சோஃபியாவில் குவெர்னிகாவோடு அதற்கு முந்திய வரைவுகளையும், பிக்காசோ வரையும்போது தோரா மார் கட்டம் கட்டமாக எடுத்த போட்டோக்களையும் வைத்திருக்கிறார்கள். அவற்றை முதலில் பார்த்துவிட்டுப் பெரிய படத்துக்கு வாருங்கள். ஸ்பெயினில் ஜனநாயகம் வரும்வரை அங்கே போகக்கூடாது என்று பிக்காசோ சொல்லிவிட்டதால், 1981 வரை அது நியூயார்க்கில் இருந்தது.

இன்னும் ஒன்று. படங்களும் பயணம் போகும். வேறு ஊர்க் கண்காட்சிக்கு இரவல் போயிருக்கலாம், சீரமைப்பில் இருக்கலாம், அந்த அறையே அன்றைக்கு மூடியிருக்கலாம். லூவ்ர் எந்தெந்த அறைகள் எந்த நாளில் மூடியிருக்கும் என்பதைத் தன் தளத்தில் போடுகிறது. இந்த ஒரு படத்துக்காகத்தான் போகிறேன் என்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு பார்த்துவிடுங்கள்.

மியூசியக் கடைகளில் போஸ்டர் வாங்கிக் குழாயில் சுருட்டி விமானத்தில் கொண்டுவருவது வேண்டாத சுமை. ரைக்ஸ்மியூசியம் தன் பழைய ஓவியங்களின் பெரிய அளவுப் படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது, இறக்கிக்கொண்டு நம் ஊர் ஸ்டுடியோவில் பிரிண்ட் போடலாம். அம்மா பால்காரியை அப்படித்தான் போட்டு வாங்கினார். முதல் பிரிண்டில் மஞ்சள் தூக்கலாக வந்ததால் ஸ்டுடியோக்காரரிடம் சண்டை போட்டு, சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும், ஆணி ஓட்டை தெரிய வேண்டும் என்று மறுபடி போடவைத்தார்.